இல்லாத பிசிறு

வீட்டில் அவளுக்குத் தராசு என்று பெயர். ரொட்டியை வெட்டினால் மூன்று துண்டும் நிறுத்துப் பார்த்தது போல ஒன்றாக இருக்கும். ஆப்பிளில் ஒரு கீற்று மிஞ்சினால் அதையும் மூன்றாக்கித்தான் தட்டில் வைப்பாள். பெயர் வைத்தவன் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக், நாள் முழுக்க இரும்புக் கயிற்றோடும் எடைக்கட்டியோடும் பழகுகிறவன் என்பதால் அவன் வாயில் அந்தப் பெயர் சுலபமாக வந்துவிட்டது. பிறகு அவனுடைய அக்கா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். அக்கா கூப்பிட்டதும் ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டது, ஏனென்றால் அந்த அக்காவும் தராசும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள்.

நாத்தனாரோடு சமையலறையில் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நாத்தனாரோடு அலைக்குழாய்க்காகச் சண்டை போட்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அந்த ஆபீசில் செய்தது மழைமேகம் பார்க்கும் ரேடார்களுக்கான வடிகட்டிகள். வேண்டாத அலையை நிறுத்தி, வேண்டியதை மட்டும் விடுகிற சாமான். வெளியே இருந்து பார்த்தால் வெறும் பித்தளைக் குழாய். தீப்பெட்டியின் மேலுறையைப் பிடித்து நீளமாக இழுத்து விட்டது போல இருக்கும். அதற்குள் அலை போகும். நடுவில் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தி, தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டினால், வந்த அலையில் ஒரு பங்கு முட்டிக்கொண்டு திரும்பிவிடும், மிச்சம் ஜன்னல் வழியே போய்விடும். எவ்வளவு திரும்பும் என்பது கச்சிதமாகத் தெரிந்தால்தான் அப்படிப் பல தகடுகளை வரிசையாக வைத்து வடிகட்டி செய்ய முடியும். அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்பவள் தராசு. நிஜத் தகட்டை நிஜக் குழாயில் பொருத்தி, அலையை விட்டு அளந்து சொல்பவர் நாத்தனார்.

அளக்கும் அறை நடையின் கடைசியில் இருந்தது. காலையில் வந்ததும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, அது சூடாகி நிதானத்துக்கு வரும்வரை நாத்தனார் அதைத் தொடமாட்டார், மற்றவர்களையும் தொட விடமாட்டார். யாராவது மேஜை மேல் சாய்ந்து நின்றால், "முதுகுக்கு வேற இடம் பாரு" என்பார். அளந்து முடித்து எண்ணை ஒரே ஒரு தடவை சொல்வார். என்ன சொன்னீங்க என்று திருப்பிக் கேட்டவர்கள் அவர் பார்த்த பார்வையில் கேட்ட கேள்வியையே மறந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் தான் அளந்ததைப் பற்றி இன்னொருவரிடம் "சரியா?" என்று அவர் கேட்டதே இல்லை. தராசு கல்யாணமாகி வந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது மேனேஜரிடம் போய், "என் தம்பி சம்சாரம். சொந்தம்னு எடுக்க வேண்டாம், ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்க" என்று சொன்னவரும் அவர்தான்.

அப்படி இருந்த இரண்டு பேருக்கும் நடுவே புதிதாக ஒரு தகடு வந்தது. அதில் ஜன்னல், குழாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நூறு பங்கு அலை போனால் நாற்பத்தொன்று திரும்பி வரும் என்றது தராசின் கணக்கு. நாத்தனார் அளந்துவிட்டு, "நாற்பத்தெட்டு" என்றார், ஒரே தடவை.

மற்ற சமயமாக இருந்தால் இது இரண்டு நாள் பேச்சோடு போயிருக்கும். ஆனால் அந்தச் சமயம் பார்த்துத் தலைமை ஆபீசிலிருந்து மேனேஜருக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. சாமான் வைக்க இடம் போதவில்லை. கணக்கும் அளவும் இந்தத் தகட்டில் ஒத்துப்போய்விட்டால் இனிமேல் கணக்கே போதும். அளக்கும் அறையைக் கிடங்காக்கிவிட்டு அங்கிருப்பவரைப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலைக்கு நாத்தனார்! மேனேஜர் இதை இரண்டு பேரையும் நிற்க வைத்துக்கொண்டே படித்தார். படித்துவிட்டு, "எனக்கு ஒரே எண்ணாக் கொடுங்க" என்றார்.

தராசு போய்க் கணக்கை மறுபடி போட்டாள்.

இந்தக் கணக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். தகட்டுக்குப் பக்கத்தில் அலை ஒரே வடிவமாக இருக்காது. பெரிய வளைவு ஒன்று, அதற்குள் சின்ன வளைவு, அதைவிடச் சின்னது என்று பல வடிவங்களாகப் பிரிந்து, முடிவே இல்லாமல் போகும். முடிவில்லாததைக் கம்ப்யூட்டரில் போட முடியாது, எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். தராசு குழாய்ப் பக்கம் நாற்பது வடிவம், ஜன்னல் பக்கம் நாற்பது வடிவம் என்று எடுத்துக்கொண்டாள். ரொட்டியையே சமமாக வெட்டுகிறவள் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? பிறகு சந்தேகம் வந்து எண்பது எண்பது வைத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று. நூற்றைம்பது நூற்றைம்பது வைத்தாள். அப்போதும் நாற்பத்தொன்று, புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்கள் கூட அசையவில்லை. திரும்பியதையும் தாண்டிப் போனதையும் கூட்டிப் பார்த்தாள். போட்டது நூறு, வந்தது நூறு. ஒரு தூசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு அடக்க ஒடுக்கமாக வந்து உட்காரும் எண் பொய் சொல்லுமா? அவளுக்குக் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கை கூடக்கூட நாத்தனார் மேல் எரிச்சலும் கூடிக்கொண்டே போயிற்று.

"அண்ணி, கேபிளை மாத்திப் பாருங்களேன்."

மாற்றினார். நாற்பத்தெட்டு.

"குழாயோட இணைப்புல ஸ்க்ரூ லூசா இருக்கப் போகுது."

எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, முகப்பைத் துடைத்து, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்கினார். நாற்பத்தெட்டு.

"மெஷின் இன்னும் சூடாகலையோ என்னமோ."

சமையல்காரரிடம் போய் அடுப்பு பற்ற வைத்தீர்களா என்று கேட்டது போல இருந்திருக்கும் நாத்தனாருக்கு. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, "உன் கணக்குல ஒரு தப்பும் இருக்காதா?" என்றார்.

"கூட்டினா நூறு வருது அண்ணி. தப்பு இருந்தா எப்படி நூறு வரும்?"

நாத்தனார் ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தார். அந்தக் கேள்விக்கு நிஜமாகவே ஒரு பதில் இருந்தது என்பது அப்போது தராசுக்குத் தெரியாது.

இப்படியே அரைத்த மாவை அரைத்துக்கொண்டு வாரங்கள் போயின. தராசு ராத்திரி சாப்பிடும்போது கூடத் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றாள். நிரலை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினாள். கூட்டல் கழித்தல் குறிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். எங்கேயும் ஒரு குறை கிடைக்கவில்லை. குறை கிடைத்திருந்தால் கூடச் சந்தோஷப்பட்டிருப்பாள். குறையும் இல்லாமல் பொருத்தமும் இல்லாமல் ஒரு எண் எதிரே உட்கார்ந்துகொண்டு பல்லை இளித்தால் யாருக்குத்தான் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றாது? மேனேஜர் நடையில் எதிரே வரும்போதெல்லாம், "ஒரே எண்ணு, ஒரே எண்ணு" என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டிவிட்டுப் போனார். ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணிக்கு அந்த அறையை விட மனசு வரலையோ? ஒத்துப்போனா அறை போயிடும் பாருங்க" என்று பூடகமாகச் சொன்னார். தராசு அதைக் காதில் வாங்காத மாதிரிதான் வந்தாள். ஆனால் அது காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நாத்தனார் குடியிருந்தது மாடி வீட்டில். ராத்திரி சாப்பாடு மட்டும் கீழே இவர்களோடு. அன்றைக்கு முட்டையும் ரொட்டியும் சூப்பும். கணவன் பேச்சை மாற்றுவதற்காக, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு வக்கீலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். வக்கீல் உள்ளே இருந்தபடியே லிஃப்ட் கம்பெனிக்கு நோட்டீஸ் தயார் செய்துவிட்டாராம். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னிக்கும் அளந்தேன்" என்றார் நாத்தனார்.

"அதே எண்ணுதானே?"

"அதேதான். நான் என்ன, உனக்காக வேற எண்ணு சொல்லவா?"

தராசு ஸ்பூனைக் கீழே வைத்தாள். வைத்த சத்தத்தில் கணவன் நிமிர்ந்து பார்த்தான். வாயை மூடு என்று அவன் கண்ணால் சொன்னதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னாள்.

"ஒத்துப்போனா அறை போயிடுமேன்னுதான் நீங்க பிடிச்ச பிடியை விட மாட்டேங்கறீங்க."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதனால் என்ன பிரயோஜனம்? நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூப்பைக் கடைசிவரை குடித்தார், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். "அக்காகிட்ட அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்ல" என்றான் கணவன்.

மறுநாள் காலை நாத்தனாரே தராசின் மேஜைக்கு வந்தார். அதுவே அதிசயம், அவர் தன் அறையை விட்டு இந்தப் பக்கம் வருகிறவர் அல்ல.

"வேற எங்க தப்பு இருக்கலாம்னு நினைக்கிற? நீ சொல்லு, நான் செய்யறேன்."

அந்தக் குரலில் இருந்த மரியாதை தராசுக்குச் சங்கடமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. அவளோ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். "ஜன்னல் விளிம்புல பிசிறு இருக்கலாம் அண்ணி. வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாம உள்பக்கமா துருத்திட்டு நிக்கும். அதனால ஜன்னல் குறுகிப்போய் நிறையத் திருப்பி அனுப்புது. பட்டறையில கொடுத்து லேசா அராவச் சொல்லுங்க."

நாத்தனார் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஃபிட்டர் இரண்டு விளிம்பிலும் நயமான அரத்தைப் போட்டார். அளந்தார்கள், நாற்பத்தாறு. தராசு துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தீங்களா! பிசிறுதான். இன்னும் மிச்சம் இருக்கு." மறுபடி அரம். நாற்பத்துமூன்று. மறுபடியும். நாற்பத்தொன்று.

ஒரே எண் வந்துவிட்டது. மேனேஜர் இரண்டு பேரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். அளவில்தான் கோளாறு, விளிம்பில் பிசிறு இருந்தது, அதை எடுத்ததும் கணக்கோடு பொருந்திவிட்டது என்று தலைமை ஆபீசுக்கு அன்றைக்கே எழுதிவிட்டார். தராசுக்கு நெஞ்சில் கட்டியிருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அறை போகிறதே என்று வருத்தமாகவும் இருந்தது. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்படிச் சமாதானம் செய்துகொள்வதில் அவள் கெட்டிக்காரி.

அந்த வாரம் கணவன் ஒரு செய்தி சொன்னான். "அக்கா கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்கா. கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாராம். ஆனா இவ நம்பல, வேற டாக்டரைப் பாக்கணுங்கறா."

"வயசாகுது இல்ல" என்றாள் தராசு. சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி வந்தது. முதலில் அளந்த நாற்பத்தெட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வடிகட்டியின் அறிக்கைக்கு ஒரு கிராஃப் போட வேண்டியிருந்தது. வடிவங்களைக் கூட்டிக்கொண்டே போனால் எண் எப்படி வந்து நிலைக்கிறது என்று காட்டும் கிராஃப். பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கட்டும் என்று தராசு முந்நூறு முந்நூறு என்று போட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி, மெமரி இல்லை என்று சொல்லிவிட்டு நின்றது. இருநூற்றைம்பது, அதற்கும் நின்றது. அன்றைக்கு ஏற்கெனவே பிரிண்டரோடு ஒரு சண்டை முடிந்திருந்தது. "சனியனே" என்று திட்டிவிட்டு, குழாய்ப் பக்கத்தை முந்நூறாகவே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தை மட்டும் நூறாகக் குறைத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாதது அவள் கண்ணை உறுத்தியது. மெமரிக்காகத்தானே, கிராஃபில் தெரியவா போகிறது என்று பட்டனைத் தட்டினாள்.

நாற்பத்தெட்டு.

தட்டச்சுப் பிழை என்று நினைத்தாள். திரும்பப் போட்டாள். நாற்பத்தெட்டு. நூற்றைம்பதுக்கு ஐம்பது வைத்தாள். அறுபதுக்கு இருபது வைத்தாள். எல்லாம் நாற்பத்தெட்டுக்குத்தான் போய் நின்றன, அதே அடக்கத்தோடு, அதே ஒடுக்கத்தோடு. கூட்டிப் பார்த்தாள். நூறு. நாற்பத்தொன்றுக்கும் நூறு, நாற்பத்தெட்டுக்கும் நூறு என்றால் அந்த நூறுக்கு என்னதான் மதிப்பு?

அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்துக் குழாயையும் ஜன்னலையும் வரைந்தாள். ஜன்னல், குழாயில் மூன்றில் ஒன்று. பெரிய திரைத்துணியில் நாற்பது மடிப்பு மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் தாராளமாக இருக்கும். கைக்குட்டையில் நாற்பது மடித்தால் நகக்கண் அளவுதான் வரும். ஜன்னல் பக்கம் அவள் வைத்த பொடிப்பொடி வடிவங்களுக்கு ஈடுகொடுக்கக் குழாய்ப் பக்கம் அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். எண்ணிக்கை சமமாக இருந்ததாலேயே நுணுக்கம் சமமில்லாமல் போய்விட்டது. அதனால் தகட்டின் கூர்விளிம்பில் அலை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடக்காமல், கணக்கு தன்பாட்டுக்கு ஒரு பொய்யான இடத்தில் போய் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. எத்தனை வடிவம் கூட்டினாலும் சமமாகவே கூட்டியதால் அந்த இடத்தை விட்டு அது எழுந்திருக்கவே இல்லை. கூட்டுத்தொகை நூறு வருவதோ கணக்கைக் கட்டிய விதத்திலேயே இருக்கிறது. விடை தப்பானாலும் நூறுதான் வரும். இந்தப் பாடமெல்லாம் அவள் படித்த புத்தகத்தில் எங்கோ ஒரு பத்தியில் இருந்ததுதான். படித்துப் பாஸும் பண்ணியிருக்கிறாள்.

விளிம்பு, விளிம்பு என்று நாத்தனாரின் உயிரை வாங்கினாளே, கோளாறு நிஜமாகவே விளிம்பில்தான் இருந்தது. ஆனால் தகட்டின் விளிம்பில் இல்லை. அவள் கணக்கின் விளிம்பில் இருந்தது.

எழுந்து நடையின் கோடிக்குப் போனாள். அறையில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. நாத்தனார் ஒரு கேபிளை வளையமாகச் சுற்றித் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க முதல்ல அளந்ததுதான் சரி. நாற்பத்தெட்டு. என் கணக்குதான் தப்பு."

நாத்தனார் கேபிளைக் கீழே வைக்கவில்லை. "அப்புறம் எப்படி நாற்பத்தொண்ணு வந்துச்சு? நானே அளந்தேனே."

நின்ற இடத்திலேயே தராசுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது வாயில் வரத் தயங்கியது. பிசிறு இல்லவே இல்லையென்றால் மூன்று தடவை அந்த அரம் எதை எடுத்தது?

"தகடு எங்க?"

தகடு மேஜையில்தான் இருந்தது. தராசு வெர்னியர் அளவுகோலை எடுத்து ஜன்னலின் உள்ளே இரண்டு விளிம்புக்கும் வைத்துப் பார்த்தாள். வரைபடத்தில் இருந்ததைவிடக் கால் மில்லிமீட்டர் அகலம். அவள் கைப்பழக்கம் இல்லாதவள், அதனால் மறுபடி வைத்தாள். அதேதான். ஜன்னலை அராவி அராவி, தன் தப்பான கணக்குக்குப் பொருந்தும்வரை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அராவச் சொன்னவள் அவள்.

"அண்ணி, கால் மில்லி கூட இருக்கு."

"தெரியும்" என்றார் நாத்தனார்.

"தெரியுமா?"

"அன்னிக்கே வெர்னியரை வச்சுப் பாத்தேன். கால் மில்லி கூடத்தான் காட்டிச்சு. ஃபிட்டர், பிசிறு மட்டும்தான் எடுத்தேன்னார். உன் கணக்கும் ஒத்துப்போச்சு. அப்போ ஜன்னல் வரைபடத்துல உள்ளபடிதானே இருக்கணும்? வெர்னியர் கூடக் காட்டுதுன்னா என் கண்ணுதான் சரியில்லன்னு நினைச்சுட்டேன்." கேபிளின் கட்டை இறுக்கினார். "அதான் டாக்டர்கிட்ட போனேன். அவர் ஒண்ணும் இல்லைங்கறார். கண்ணு நல்லா இருக்குன்னா அப்போ மூளையான்னு ஒரு பயம். மேனேஜர் கேக்கறதுக்கு முன்னாடி நானே போய்ப் பேக்கிங்குக்குப் போறேன்னு சொல்லிட்டேன். அளவு தெரியாதவ இங்க எதுக்கு?"

தராசு பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். "நான் உங்களை என்ன பண்ணிட்டேன் அண்ணி" என்றாள். நாத்தனார் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "மூக்கைத் துடை, தகட்டுல படப்போகுது" என்றார்.

மேனேஜரிடம் போனார்கள். அது இன்னொரு கூத்து.

"ஒத்துப்போகலைன்னு சொன்னீங்க, எனக்குத் தூக்கம் போச்சு" என்றார் மேனேஜர். "இப்ப ஒத்துப்போச்சு. அதுவும் தப்புங்கறீங்க. நான் என்னதான் செய்யணும்?"

"தப்பான கணக்குக்குத் தக்கபடி தகட்டை அராவிட்டோம் சார். அதனால ஒத்துப்போச்சு. அராவின ஜன்னலைச் சரியான கணக்குல போட்டேன், நாற்பத்தொண்ணு வருது. அராவாத ஜன்னலைப் போட்டா, மேடம் முதல்ல அளந்த நாற்பத்தெட்டு வருது."

"கூட்டினா நூறு வருதுன்னு சொன்னீங்களே!"

"வரும் சார். லிஃப்ட்ல பத்துப் பேர் ஏறினா பத்துப் பேர் இறங்கத்தான் செய்வாங்க. யார் எந்த மாடியில இறங்கினாங்கன்னு அது சொல்லாது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, விட்டத்தில் விடை எழுதியிருப்பது போல மேலே பார்த்தார். "அப்ப கணக்கு சரியா இருக்கான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"அளந்து பாக்கணும் சார்" என்றாள் தராசு. "அதுக்குத்தான் அந்த அறை."

அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. எழுதினதை மாற்றி எழுதினால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று புலம்பினார். கணக்குப் போடுகிறவர்களை நம்பி ஒரு காரியமும் செய்யக் கூடாது என்றார். தராசு கைகட்டி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தப்பு என்னுடையது என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. புதுத் தகடு ஒன்று வெட்டி, அரம் படாமல் அளந்து நாற்பத்தெட்டைக் காட்டினால், அறையைக் கிடங்காக்காமல் பெட்டிகளைப் பிரிக்கலாம் என்று கடைசியில் சொன்னார். மேனேஜர், "என்ன மேடம், சந்தோஷம்தானே?" என்று கேட்டதற்கு நாத்தனார் தலையை மட்டும் அசைத்தார்.

புதுத் தகடு வந்தது. நாத்தனார் இயந்திரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வெர்னியரை வைத்து ஜன்னலை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் அளந்தார். தகட்டைக் குழாயில் வைத்து ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினார். தராசு சுவரோரமாக, மேஜை மேல் படாமல் நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

திரையில் கோடு ஓடி நின்றது.

"நாற்பத்தெட்டு" என்றார் நாத்தனார்.

தராசு மூச்சு விட்டாள். அறை பிழைத்துவிட்டது, பேக்கிங் இல்லை, டேப் இல்லை. ராத்திரி கணவனிடம் சொல்லலாம், அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பான் என்று நினைத்தாள். நாத்தனார் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"சரிதானே?" என்று கேட்டார்.

சரி என்று சொன்னால் தீர்ப்பு மறுபடியும் தராசின் கைக்கு வந்துவிடும். சொல்லாமல் நின்றால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"என்கிட்ட கேக்காதீங்க அண்ணி. நீங்க சொன்னா அதுதான்."

நாத்தனார் அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, மேஜையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று முதல் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.